ஒரு டின்னுக்கு ஒரு வீசை

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் இழுக்கும் பழக்கம் ஓய்வு பெற்றும் போகவில்லை. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

சென்ற 2025 செப்டம்பர் 22 அன்று வெண்ணெய்க்கும் நெய்க்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. நம் ஒட்டன்சத்திரத்தில் அது சின்ன செய்தி இல்லை. வெளியூர்க்காரர்களுக்கு நம்மூர் என்றால் காய்கறி மார்க்கெட்டும் கேரளா லாரிகளும்தான் நினைவுக்கு வரும். வெண்ணெயும் நெய்யும் இந்த ஊருக்கு எவ்வளவு பழைய சோறு என்பது நமக்குத் தெரியும். அந்த வாரத்தில் ஒரு பழைய மாணவர் போன் செய்தார். "சார், கம்ப்யூட்டர்ல புது வரி போட்டுட்டேன். ஆனா பில்லுல பழைய 12 தான் வருதுங்க."

எனக்கு இதெல்லாம் அரைகுறை. இன்னொரு மாணவனின் எண்ணைக் கொடுத்தேன். அவன் போனிலேயே ஐந்து நிமிடத்தில் பிடித்துவிட்டான். சரக்குத் தொகுதிக்கு வரியை மாற்றியிருக்கிறார்கள். ஆனால் முன்பு யாரோ ஒரு குறிப்பிட்ட நெய்க்கு மட்டும் தனியாக 12 என்று போட்டு வைத்திருக்கிறார்கள். தொகுதிக்குச் சொன்னதைவிடச் சரக்குக்குத் தனியாகச் சொன்னதைத்தான் அந்த மென்பொருள் கேட்கும். வீட்டில் எல்லோருக்கும் காபி என்று சொன்னாலும், அப்பாவுக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல் என்று முன்பே சொல்லி வைத்திருப்பதைப் போல.

அன்று இரவு அவனே என்னைக் கூப்பிட்டான். "சார், அந்த நெய் டின் கதையை எழுதுங்க. என் பேரு மட்டும் வேண்டாம். இப்ப எங்கிட்ட வேலை கத்துக்கற பசங்க படிக்கணும்" என்றான். ஏழு ஆண்டாக நானே எழுதாமல் தள்ளிப்போட்ட கதை அது. காரணம், அதில் நான் நல்லவனாக வரவில்லை.

2018 தீபாவளி முடிந்த வாரம். அவன் அப்போது ஒரு நெய் வியாபாரியிடம் கணக்கும் கிட்டங்கியும் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வியாபாரியும் என் மாணவர்தான், இவனுக்குப் பதினைந்து வருடம் மூத்த செட். ஒரு ராத்திரி அவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து ஒரு காகிதத்தை நீட்டினார். கம்ப்யூட்டர் கணக்குப்படி கிட்டங்கியில் இருக்க வேண்டிய நெய்யில் 142 கிலோவும் சில்லறையும் குறைகிறது. கிலோ 400 ரூபாய் என்று வைத்தாலும் ஏறக்குறைய 57,000 ரூபாய்.

"சார், சாவி அவங்கிட்டத்தான் இருக்கு. நான் என்ன சார் நினைக்கறது?"

நான் காகிதத்தைப் பார்த்தேன். கூட்டல் சரி. கழித்தல் சரி. முப்பது வருடம் கணக்குப்பதிவியல் நடத்திய வாயால் சொன்னேன்: "கம்ப்யூட்டருக்கு யார் மேலயும் பகை கிடையாதேப்பா."

மறுநாளிலிருந்து அவனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போலீசுக்குப் போகவில்லை. ஆனால் நம்மூரில் போலீசுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லையே. டீக்கடைக்குப் போனால் போதும்.

மூன்றாம் வாரம் அவன் அம்மா என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அவன் உங்ககிட்டத்தானுங்க கணக்குப் படிச்சான். நீங்களே அப்படிச் சொன்னீங்களாமே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று என் பழைய பாடக்குறிப்பு நோட்டை எடுத்துப் பார்த்தேன். பதினொன்றாம் வகுப்பில் 'இருப்பாய்வு வெளிக்காட்டாத பிழைகள்' என்று ஒரு பாடம் நடத்துவேனே, நினைவிருக்கிறதா? விடு பிழை, செய் பிழை, ஈடுசெய் பிழை, விதிப் பிழை. இரண்டு பக்கமும் ஒத்துப்போனாலே கணக்கு சரி என்று நம்பாதீர்கள், கூட்டல் சரியாக இருந்தும் கணக்கு தப்பாக இருக்கலாம் என்று தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்குச் சொன்னதை எனக்குச் சொல்லிக்கொள்ள மறந்துவிட்டேன்.

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி மறுக்கவில்லை. அவனையும் வரச் சொன்னோம். மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

எப்போதிலிருந்து குறைகிறது என்றுதான் முதலில் கேட்டேன். மாதாமாதம் பார்த்ததில் ஆவணி வரை கிட்டங்கியும் கணக்கும் ஒத்துப்போயிருக்கின்றன. புரட்டாசியிலிருந்துதான் குறைவு. அந்த மாதம் என்ன புதிதாக நடந்தது? தீபாவளிக்குச் சரக்கு பற்றாது என்று வெளியூரில் ஒரு புது ஆளிடம் டின் வாங்க ஆரம்பித்திருக்கிறார்கள். பழைய ஆளிடம் 60 டின், புது ஆளிடம் 100 டின்.

அவன்தான் கால்குலேட்டரைத் தட்டினான். 142 சொச்சத்தை மொத்தம் 160 டின்னால் வகுத்தால் ஒன்றும் புரியாத எண் வந்தது. புது ஆளின் 100 டின்னால் மட்டும் வகுத்தான். டின்னுக்கு 1.42 கிலோ. பிறகு புரட்டாசிக்குத் தனியாக, ஐப்பசிக்குத் தனியாக வகுத்துப் பார்த்தான். இரண்டு மாதத்திலும் அதே 1.42.

அப்போதே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. திருடுகிறவன் ஒரு நாள் இரண்டு கிலோ எடுப்பான், ஒரு நாள் பயந்து சும்மா இருப்பான். ஒவ்வொரு டின்னிலும் தராசு வைத்து ஒரே அளவு எடுக்கும் திருடனை நான் கேள்விப்பட்டதில்லை. இவ்வளவு ஒழுங்காகக் குறைந்தால் அது கையின் வேலை இல்லை, ஏதோ ஒரு விதியின் வேலை.

விற்காமல் இருந்த ஒரு டின்னைத் தூக்கி வரச் சொன்னோம். பக்கவாட்டில் அச்சடித்திருந்தது: 15 லிட்டர். பழைய ஆளின் டின்னில் இருந்தது: 15 கிலோ. மென்பொருளில் என்றோ ஒருநாள் யாரோ அமைத்து வைத்தது: 1 டின் = 15 கிலோ.

நெய் தண்ணீரைவிட இலேசு. ஒரு லிட்டர் நெய் சுமார் 905 கிராம்தான் இருக்கும், உங்கள் வீட்டு நெய் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். 15 லிட்டர் என்றால் 13.575 கிலோ. ஒரு டின்னுக்கு 1.425 கிலோவைக் கம்ப்யூட்டர் இல்லாமலே இருப்பதாக எழுதிக்கொண்டது. 100 டின்னுக்கு 142.5 கிலோ. இல்லாத நெய்யை ஒருவன் எப்படித் திருடுவான்?

ஏன் யாருக்கும் சந்தேகம் வரவில்லை? காலி டின்னே ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கும். இறக்கும்போது டின்னோடு எடை போட்டால் தராசு பதினைந்துக்குப் பக்கத்தில் காட்டும், "சரிதான்" என்று உள்ளே தள்ளிவிடுவார்கள். புது ஆள் டின்னுக்கு விலை குறைவாகப் போடுகிறாரே என்று முதலாளி மகிழ்ந்ததன் ரகசியமும் வெளியே வந்தது. அவர் யாரையும் ஏமாற்றவில்லை, உள்ளே இருப்பதற்குத்தான் விலை போட்டிருக்கிறார்.

முதலாளி வெகுநேரம் பேசவில்லை. பிறகு அவனிடம், "தப்புப் பண்ணிட்டேன் தம்பி" என்றார். மூன்று வாரச் சம்பளத்தையும் கொடுத்தார். நானும் மன்னிப்புக் கேட்டேன். ஆசிரியர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பது எளிதில்லை. ஆனால் கேட்ட பிறகு நன்றாகத் தூங்கினேன்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். அந்த 1.42 கிலோவை நோட்டில் எழுதியபோது எனக்கு ஒரு வார்த்தை நினைவுக்கு வந்தது: வீசை. 40 பலம் ஒரு வீசை, சுமார் 1.4 கிலோ. எங்கள் அம்மா காலம் வரை புழங்கிய எடை. டின்னுக்கு ஒரு வீசை நெய்யைக் கணக்கு விழுங்கியிருக்கிறது.

அந்தக் காலத்து அளவுகளில் இந்த வகைக் குழப்பம் நிறைய. 8 வீசை ஒரு மணங்கு. சென்னை மாகாணத்தில் மணங்கு என்றால் 25 பவுண்டு, அதாவது 11 கிலோவும் சொச்சமும். அதே சொல் வங்காளத்தில் 'மண்' என்றால் 82 பவுண்டுக்கு மேல், 37 கிலோ. வடக்கே சரக்கு அனுப்பும் கணக்குப்பிள்ளை "மணங்கு" என்று எழுதினால் எந்த ஊர் மணங்கு என்று கேட்காமல் விலை போட முடியாது. கெட்டியான பொருளுக்குப் பலம், வீசை. ஊற்றுவதற்கும் கொட்டுவதற்கும் ஆழாக்கு, உழக்கு, படி. படியும் ஊருக்கு ஊர் மாறும்.

1956-இல் எடை அளவுகள் தரச் சட்டம் வந்தது. நான் பிறந்ததும் அந்த வருடம்தான், இரண்டு பேருக்கும் ஒரே வயது. 1957 ஏப்ரல் 1 அன்று நாணயம் தசமத்துக்கு மாறியது. 16 அணா போய் 100 நயா பைசா ஆனது. இதிலேயே ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. ஓர் அணா 6.25 நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. அதனால் அட்டவணை போட்டார்கள்: 1 அணாவுக்கு 6, 2 அணாவுக்கு 12, 3 அணாவுக்கு 19, 4 அணாவுக்கு 25. மூன்று பொருளைத் தனித்தனியாக ஓரணா வீதம் வாங்கினால் 18 பைசா, சேர்த்து மூன்றணாவுக்கு வாங்கினால் 19 பைசா! இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எந்த இடத்தில் முழுமையாக்குவது என்ற ஒரு விதிதான் அந்த ஒரு பைசாவை உண்டாக்கியது. இன்றும் பில்லில் வரும் 'ரவுண்டு ஆஃப்' வித்தியாசம் இதன் பேரப்பிள்ளைதான். 1958 அக்டோபரில் கிலோவும் கிராமும் வரத் தொடங்கி, சில ஆண்டுகளில் வீசையும் பலமும் கடைவீதியை விட்டுப் போயின.

பழைய கணக்குப்பிள்ளைக்கு ஒரு வசதி இருந்தது. எந்த மணங்கு, எந்தப் படி என்பது அவர் தலைக்குள் இருந்தது. ஒவ்வொரு முறை பேரேட்டில் எழுதும்போதும் அதை எடுத்துப் பார்த்தாக வேண்டும். மென்பொருள் வந்தபோது அந்த அறிவு தலையிலிருந்து இறங்கி ஒரு கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

1986-இல் பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா என்ற வியாபாரி, தன் தொழிலுக்கு ஏற்ற கணக்கு மென்பொருள் கிடைக்காமல் மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய அதுதான் பின்னாளில் டேலி. பரத் கோயங்காவுக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பெரிய ஆலைகளில் நம் பிள்ளைகள் வேலை பார்க்கும் சாப், 1972-இல் ஜெர்மனியில் ஐந்து பொறியாளர்கள் தொடங்கியது. சின்னதோ பெரியதோ, எல்லாவற்றிலும் சரக்குக்கு அலகு அமைக்கும் இடம் ஒன்று உண்டு. யாரோ ஒருவர் ஒருநாள் நிரப்புவார். அதன்பின் அந்தப் பக்கம் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அவர் வேலையை விட்டுப் போன பிறகும் அவர் போட்ட அந்த ஒரு வரி தினமும் வேலை செய்துகொண்டே இருக்கும். பிழை வரும்போது அகப்படுவது அவரல்ல, கிட்டங்கி சாவி வைத்திருப்பவர்.

லிட்டரும் கிலோவும் மாறியதால் உயிருக்கே ஆபத்து வந்த கதையும் உண்டு. 1983 ஜூலை 23, ஏர் கனடாவின் போயிங் 767 விமானம். அந்த நிறுவனம் அப்போதுதான் மெட்ரிக் அளவுக்கு மாறிக்கொண்டிருந்தது. பயணத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவை. எரிபொருள் அளவுகாட்டி பழுது, அதனால் கையால் கணக்கிட்டார்கள். லிட்டரை எடையாக்க 1.77-ஆல் பெருக்கினார்கள். அது பவுண்டுக்கான எண், கிலோவுக்கு ஏறக்குறைய 0.8 போட்டிருக்க வேண்டும். பெருக்கல் சரி. விமானம் தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு கிளம்பி, நடுவானில் இரண்டு இயந்திரமும் நின்றுபோனது. கேப்டன் பாப் பியர்சன் அதைக் காற்றில் மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். அங்கே 1.77. நம்மூரில் 15.

அடுத்தது, என்னை வெகுநாள் தூங்கவிடாத கதை. பிரிட்டன் அஞ்சல் துறை 1999-இலிருந்து ஹொரைசன் என்ற கணினி அமைப்பைக் கிளை அலுவலகங்களில் வைத்தது. உருவாக்கியது புஜிட்சு. அதில் இருந்தது அமைப்புப் பிழை மட்டும் இல்லை, நிரலுக்குள்ளேயே பிழைகள் இருந்தன. கணக்கில் இல்லாத பற்றாக்குறையை அது காட்டியது. கிளை நடத்தியவர்கள் கைப்பணம் போட்டு நிரப்பினார்கள், வீட்டை விற்றார்கள். 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வாங்கினார்கள். இந்திய வம்சாவளிப் பெண் சீமா மிஸ்ரா 2010-இல் கர்ப்பிணியாகச் சிறைக்குப் போனார். அவர்மீதான தீர்ப்பு ரத்தானது 2021-இல்.

பிரச்சினை என்று சொன்னவர்களுக்கெல்லாம் கிடைத்த பதில், "உங்களுக்கு மட்டும்தான் இப்படி" என்பதுதான். ஒவ்வொருவரும் தனியாகவே தன்னை நொந்துகொண்டார்கள். ஆலன் பேட்ஸ் என்பவர் அவர்களைத் தேடிப் பிடித்து ஒன்றுசேர்த்த பிறகுதான் ஒரே மாதிரியான குறைவு பல ஊர்களில் இருப்பது தெரிந்தது. 2019-இல் உயர் நீதிமன்றம் அந்த அமைப்பை நம்ப முடியாது என்றது. 2024-இல் தனிச் சட்டம் போட்டு மிச்சமிருந்த தண்டனைகளை ரத்து செய்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் என் திண்ணையும் நான் சொன்ன அந்த ஒற்றை வரியும் நினைவுக்கு வரும். அங்கே நீதிபதிகள் சொன்னதைத்தான் இங்கே நானும் சொன்னேன்.

கணக்கு வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு, அவன் இப்போது தன் பையன்களுக்குக் கற்றுக்கொடுப்பதையே எழுதுகிறேன்.

கணக்கு இடிக்கும்போது "யார்?" என்று முதலில் கேட்காதே. எப்போதிலிருந்து? எதில் மட்டும்? அதற்குச் சற்று முன் என்ன மாறியது? இந்த மூன்றையும் கேள். வித்தியாசத்தை வகுத்துப் பார். ஒரே விகிதத்தில் வந்தால் மனிதனை விட்டுவிட்டு அமைப்பைத் திற. மொத்தத்தோடு மல்லுக்கட்டாதே, ஒரே ஒரு பில்லை, ஒரே ஒரு டின்னைக் கையில் எடுத்து அது நுழைந்த இடத்திலிருந்து வெளியேறிய இடம் வரை கூடவே நட.

தொகை சரியாக இருந்தாலும் ஏமாறாதே. கேரள வியாபாரிக்கு நெய் போடும்போது அவர் கணக்கில் மாநிலம் தமிழ்நாடு என்று இருந்துவிட்டால், ஐஜிஎஸ்டி வர வேண்டிய இடத்தில் சிஜிஎஸ்டி பாதி, எஸ்ஜிஎஸ்டி பாதி என்று வரும். கூட்டினால் அதே தொகைதான், யாருக்கும் உறுத்தாது. பிறகு சரியான தலைப்பில் மறுபடி கட்டிவிட்டு, முன்பு கட்டியதைத் திரும்பக் கேட்க வேண்டும். அதற்கு வட்டி கிடையாது என்றாலும் நடை உண்டு. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்: 33 நாம், 32 கேரளா.

கண்டுபிடித்த பிறகு பழைய அமைப்பின் மேலேயே திருத்தாதே. அப்படிச் செய்தால் சரியாக இருந்த ஆவணிக் கணக்கும் கலைந்துவிடும். நாங்கள் '15 லிட்டர் டின்' என்று புதிதாக ஒரு சரக்கைத் தொடங்கினோம். 142.5 கிலோவுக்குத் தேதி போட்டு, காரணம் எழுதி, தனிப் பதிவு வைத்தோம். நாளைக்கு வருகிறவனுக்கு என்ன நடந்தது என்று தெரிய வேண்டும் அல்லவா?

அந்தக் காரண வரியை எழுதியவன் அவன்தான். "அலகு தவறாக அமைக்கப்பட்டது. சரக்கு குறையவில்லை" என்று எழுதினான். இரண்டாவது வாக்கியம் கணக்குக்குத் தேவையில்லை, அவனுக்குத் தேவைப்பட்டது. முதலாளி படித்துப் பார்த்து அப்படியே இருக்கட்டும் என்றார்.

அவன் அம்மா போன தைப் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். இந்த முறை உட்கார்ந்தார். ஒரு தூக்குவாளியில் நெய் கொண்டுவந்திருந்தார். எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். "ஒரு படி இருக்குமுங்க" என்றார். எந்த ஊர்ப் படி என்று கேட்க நாக்கு நுனி வரை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் புழங்கிய அளவுகளின் பெயர் நினைவிருந்தால் கீழே எழுதுங்கள். எந்த ஊர் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் வணிகவியல் வாத்தியார்
ஒட்டன்சத்திரம்